கழன்ற குமிழ்

…தானாகக் கழன்றிருக்க முடியாது, அதை மட்டும் முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான், ஏனென்றால் ஒரு ஸ்குரூ தானாகக் கழல வேண்டுமென்றால் கொஞ்ச நாளாகவே ஆடியிருக்க வேண்டும், ஆடியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும், மூன்று வருடமாக இதைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிற எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்… தெரிந்திருக்குமா? எனக்கு எல்லாம் தெரிந்துவிடுமா என்ன? சரி, தெரிந்திருக்கும் என்றே வைத்துக்கொள்வோம். நடு அறையில் அப்பாவின் பழைய வேட்டியை நான்காக மடித்து விரித்து, அதன்மேல் பேஸ் கிட்டாரை மல்லாத்தி வைத்திருக்கிறேன், பக்கத்தில் ஸ்டார் திருப்புளி, குண்டூசி, பிளேடு, தீப்பெட்டி, நேற்று விழுப்புரத்தில் வாங்கிய ஃபெவிகால், வேண்டிய வரிசைப்படி எல்லாம் இருக்கிறது, கரண்ட் மட்டும் இல்லை, மத்தியானம் போனால் இனி எப்போது வருமோ, ஜன்னல் வெளிச்சம் கிட்டாரின் மேல் கொம்பில் சரியாக விழுகிறது, அந்தக் கொம்பின் நுனியில், தோள் பெல்ட்டை மாட்டுகிற உலோகக் குமிழ் இருந்த இடத்தில், இப்போது ஒரு கறுத்த ஓட்டை, பல் விழுந்த வாய் மாதிரி. முன்னறையில் அம்மாவின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, பாடகர் குழுப் பெண்களுக்குத் திருவிழா ரவிக்கை, எல்லாம் ஒரே நீலம், மிதிக்கிற மெஷினுக்குக் கரண்ட் தேவையில்லை, டக்டக்டக்கென்று போய் நிற்கிறது, மறுபடி போகிறது, யோசிக்க விடமாட்டேன் என்கிறது.

போன ஞாயிறு, காணிக்கைப் பாடலின் இரண்டாவது சரணம். அதை நினைக்காமல் இருக்கத்தான் வாரம் முழுக்க முயற்சி செய்தேன், ஆனால் வரிசையாகப் பார்க்க வேண்டுமென்றால் அதையும் பார்த்தாக வேண்டும். அப்பமும் திராட்சை ரசமும் எடுத்துக்கொண்டு ஜனங்கள் பீடத்துக்கு நடக்கிறார்கள், நான் தூணோரம் நின்று வாசிக்கிறேன், திடீரென்று தோளில் பாரமே இல்லை, என்ன இது இவ்வளவு லேசாக என்றுதான் முதலில் தோன்றியது, அதற்குள் கிட்டாரின் கழுத்து சரிந்து தலை போய்த் தரையில் மோதியது, ஆம்ப்ளிஃபயரை யாரும் அணைக்கவில்லை, கோயிலே இடிந்தது போல ஒரு சத்தம், சாமியார் திரும்பிப் பார்த்தார், சாமியார் பார்த்ததால் எல்லாரும் பார்த்தார்கள். தடித்த தந்தியின் முறுக்குச் சாவி வளைந்துவிட்டது, அதை இடுக்கியால் நிமிர்த்திவிட்டேன், அந்தச் சத்தத்தை எதால் நிமிர்த்துவது? பாட்டை நிறுத்தாமல் பாடிக்கொண்டே குனிந்து, பெஞ்சுக்கடியில் உருண்டு போன குமிழை ஸ்குரூவோடு எடுத்துக் கொடுத்தது கிளாரா, முன்வரிசையில் பாடுகிறவள், கொடுக்கும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, கீபோர்டு பக்கம் பார்த்தாள், அங்கே ஆஸ்வின் நின்றுகொண்டிருந்தான். ஏன் அங்கே பார்த்தாள்? பூசை முடிந்ததும் அந்த ஆஸ்வின் வந்து என் தோளைத் தட்டி, "இன்னாண்ணா, எழுந்தேற்றத்துக்கு முன்னாடியே பேஸ் முட்டி போட்டுடுச்சு?" என்றான், பூசையில் ஜனங்கள் முட்டி போடுவது எழுந்தேற்றத்தின்போதுதான், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவ்வளவு சீக்கிரம் ஒரு ஜோக் எப்படி வந்தது அவனுக்கு? முன்னாலேயே யோசித்து வைத்திருந்தால்தானே வரும்?

அவனுக்குக் காரணம் இல்லையென்று சொல்ல முடியாது. சென்னையில் காலேஜ் முடித்துவிட்டு ஆறு மாசமாகத் திண்டிவனத்தில் சும்மா இருக்கிறான், கீபோர்டு வாசிக்கிறேன் என்று வந்தான், ஆனால் அவன் கண் பேஸின் மேல்தான், அங்கே ஒரு பேண்டில் இதைத்தான் வாசித்தானாம், நான் கட்டைவிரலால் வாசிப்பதை ஒரு நாள் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அண்ணா, ரெண்டு விரலால வாசிச்சுப் பாருங்களேன், கை நோவாது" என்றான், என் கை நோகிறதென்று இவனிடம் யார் சொன்னது? கிட்டார் பங்குக் கோயிலுக்குச் சொந்தமானது, என்னுடையது அல்ல, கோயில் சாமான் அறையில் எலி வருகிறது என்று என் வீட்டில் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். அப்படியென்றால் யார் இதைத் தொட்டிருக்க முடியும்? நான், அம்மா, அம்மா கதவைத் திறந்து விடுகிறவர்கள். ஞாயிற்றுக்கு முந்தின வியாழன், நான் விழுப்புரத்தில் ஜெராக்ஸ் கடை வேலையை முடித்துவிட்டு மாலை வகுப்பில் உட்கார்ந்திருந்த நேரம், ஆஸ்வின் இங்கே வந்திருக்கிறான். அம்மாதான் சொன்னது, சோறு போட்டுக்கொண்டே, "ஆஸ்வின் வந்தான்டா, கிட்டாரை எடுத்துக் கொஞ்ச நேரம் வாசிச்சான், நல்லாத்தான் வாசிக்குது அந்தப் புள்ள." எனக்கு அன்றைக்கு அந்த 'நல்லாத்தான்' மட்டும்தான் உறுத்தியது. சனிக்கிழமைப் பயிற்சியில் உட்கார்ந்தேதான் வாசிப்போம், பெல்ட்டில் பாரம் விழாது, ஞாயிறு பூசைக்குத்தான் நிற்பது. அதுவும் அவனுக்குத் தெரியும். இப்போது ஸ்குரூவின் தலையைப் பார், ஸ்டார் குழிதானே, அதன் குறுக்கே பளபளவென்று நீளமாகக் கீறல், தட்டையான எதையோ வைத்து அழுத்தித் திருகியிருக்கிறார்கள், திருப்புளி தெரிந்தவன் செய்கிற வேலை இல்லை, கையில் கிடைத்ததை வைத்து அவசரமாகச் செய்தது. ஆஸ்வினின் சாவிக்கொத்தில் ஒரு நகவெட்டி தொங்கும், பேஸ் வாசிக்கிறவன் நகம் வளர்க்கக் கூடாதென்று எப்போதும் வைத்திருப்பான், அதில் அரம் போட்ட ஒரு தட்டை நாக்கு இருக்கிறது. பொருந்துகிறது. ரொம்பவே பொருந்துகிறது… அதுதான் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

காலையில் சின்னப்பராஜ் அண்ணனுக்கு ஃபோன் செய்தேன். பாடகர் குழுவை நடத்துகிறவர், நாளைக் கொடியேற்றத்துக்கு யார் வாசிப்பது என்று அவர்தான் சொல்ல வேண்டும், புதன்கிழமையே சாடையாகக் கேட்டார், "உனக்குத்தான் டூட்டி, கிளாசுன்னு பேஜாரா இருக்கே, திருவிழாவுக்கு மட்டும் தம்பிய வாசிக்கச் சொல்லட்டுமா?" தம்பி என்றால் ஆஸ்வின். திருவிழாவுக்கு மட்டும் என்பது திருவிழாவோடு நிற்காது, எனக்குத் தெரியாதா? விழுப்புரத்தில் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நான் யாரோ ஒரு ஆள், பஸ்ஸில் யாரோ, ஞாயிற்றுக்கிழமை தூணோரத்தில் மட்டும்தான் நான் வாசிக்காவிட்டால் ஏதோ குறைகிறது என்று நாலு பேருக்குத் தெரிகிறது, அதுவும் உறுதியில்லை, பேஸ் நின்றால் பாதிப் பேருக்குக் காதில் படவே படாது. அதனால்தான் ஃபோன் செய்தேன். யார் பெயரையும் சொல்லவில்லை, அதில் கவனமாக இருந்தேன், "குமிழ் தானா கழலலைண்ணே, யாரோ கை வெச்சிருக்காங்க, நகவெட்டி மாதிரி எதாலயோ திருகியிருக்காங்க, சாயங்காலம் பிராக்டீசுக்கு ஆதாரத்தோட வர்றேன்," இவ்வளவுதான், அவர் "யாருடா?" என்றார், "வந்து சொல்றேண்ணே" என்று வைத்துவிட்டேன். பெயர் சொல்லவில்லை. மாலை வகுப்பில் கோதண்டபாணி சார், இங்கிலீஷ் பழக வேண்டுமென்று எல்லாரையும் தினம் டைரி எழுதச் சொல்வார், நான் எதை எழுதினாலும் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே கேள்வி போடுவார், உறுதியாகத் தெரியுமா என்று, பஸ் லேட் என்று எழுதினாலும் அதே கேள்வி, வகுப்பில் எல்லாரும் என்னை 'உறுதி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். இந்த வாரம் முழுக்க டைரியில் மழை, பஸ், ஜெராக்ஸ் என்றே எழுதினேன், ஆஸ்வினைப் பற்றி எழுதவில்லை, எழுதியிருந்தால் அந்தச் சிவப்பு மை வந்திருக்கும்.

சரி, வேலையைப் பார்ப்போம். முதலில் ஓட்டையைச் சுத்தம் செய்ய வேண்டும், அப்புறம் தீக்குச்சிகளின் மருந்தை நறுக்கிவிட்டு, பசையில் தோய்த்து, ஓட்டைக்குள் இறுக்கமாக அடைத்து, அதன்மேல் ஸ்குரூவை ஏற்ற வேண்டும், மரத்துக்கு மரம் பிடித்துக்கொள்ளும், ஜெராக்ஸ் கடைக் கதவுக் கீலுக்கு இப்படித்தான் செய்தேன், இன்னும் நிற்கிறது. குண்டூசியை உள்ளே விட்டுச் சுற்றினேன், மரத்தூள் வரும் என்று பார்த்தால் மெத்தென்று ஏதோ தட்டுப்படுகிறது. உள்ளே என்ன? மறுபடி குத்தி மெதுவாக இழுத்தால் வெளிறிய மஞ்சளில் ஒரு நார், காகிதமா? காகிதத்தைச் சுருட்டி அடைத்திருக்கிறான்! அப்படியானால் சும்மா தளர்த்திவிட்டுப் போகவில்லை, தொட்டுப் பார்த்தால் இறுக்கமாகத் தெரிய வேண்டும், பாரம் விழுந்ததும் வழுக்கிக்கொண்டு வர வேண்டும், இவ்வளவு யோசித்திருக்கிறான்… கோபமா சந்தோஷமா தெரியவில்லை, ஆதாரம், இதுதான் ஆதாரம், தீக்குச்சிகளை வேட்டியில் கொட்டிவிட்டுக் காலித் தீப்பெட்டியில் அந்த நாரைப் பத்திரமாக வைத்தேன், சின்னப்பராஜ் அண்ணன் முன்னால் திறந்து காட்ட வேண்டும், கிளாராவும் பார்க்கட்டும். இன்னொரு துண்டு வந்தது. காகிதம் இல்லை. காகிதத்தில் இப்படி நீள நரம்பு ஓடாது, விரலில் தேய்த்தால் இப்படிப் பொடியாக உதிராது. ஓலை. குருத்து ஞாயிறன்று மந்திரித்துக் கொடுக்கிற குருத்தோலை, காய்ந்தது. அவன் வீட்டிலும் இருக்குமே, எல்லார் வீட்டுப் படத்துக்குப் பின்னாலும் செருகி வைத்திருப்பார்களே, மந்திரித்த ஓலையையா இதற்கு எடுத்தான், பாவி… என்று நினைக்கும்போதே மூன்றாவது துண்டு வந்தது, அதில் நூல் சுற்றியிருந்தது. நெருக்கமாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், சட்டைப் பொத்தானைத் தைத்து முடித்ததும் அதன் காலைச் சுற்றி நூல் சுற்றுவார்களே, அப்படி. நீல நூல்.

முன்னறையில் மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நீல நூல் யார் வீட்டிலும் இருக்கலாம், இல்லையா? என் டிபன் பையின் அடியில் ஒரு ஓலைத் துண்டு இருக்கிறது, அப்பாவின் சைக்கிள் சீட்டுக்கடியில் ஒன்று, அரிசி டப்பாவில் ஒன்று, மெஷின் டிராயரில் ஒரு கட்டே இருக்கிறது, திருநீற்றுப் புதனுக்குச் சாம்பலாக எரிக்கக் கொடுத்தது போக மிச்சத்தை இந்த வீட்டில் ஒரு ஆள்தான் எதிலும் செருகி வைப்பாள். தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே போய் வாசற்படியில் நின்றேன். "யம்மா, கிட்டார்ல நீ கை வெச்சியா?" அம்மா துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏன், வெச்சா கத்துதா?" "இது இன்னா?" தீப்பெட்டியைத் திறந்து நீட்டினேன், எட்டிப் பார்த்தாள், மெஷின் நின்றது. "ஐயே, அதைப் புடுங்கிட்டியா? மந்திரிச்ச ஓலைடா, கீழ கொட்டிடாத." நீதான் வைத்தாயா, எதற்கு வைத்தாய், எப்போது வைத்தாய் என்று நான் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்க, அவள் நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, "அன்னிக்கு அந்தப் புள்ள ஆஸ்வின் வந்துச்சு இல்ல, அதான் சொல்லிச்சு, இந்தக் குமிழு ஆடிக்கினு இருக்கு ஆன்ட்டி, நின்னுக்கினு வாசிக்கும்போது உழுந்துடும், அண்ணன்கிட்ட சொல்லிடுங்கன்னு. கிளாரா பொண்ணு பாத்துட்டு அதுகிட்ட சொன்னாளாம்," என்றாள். "எங்கிட்ட ஏன் சொல்லல?" "யாரு, நானா?" "நீ, அவன், அவ, எல்லாரும்!" அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள், கோபமில்லை, ஊசியில் நூல் கோக்கும்போது பார்க்கிற பார்வை. "சொன்னா விடுவியா நீ? யாரு தொட்டா, எப்ப தொட்டா, எதுக்குத் தொட்டான்னு போலீஸ்காரன் கணக்கா நோண்டிக்கினே இருப்பே. ஒன்பதரைக்கு பஸ்ஸ உட்டு எறங்கி மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு வர்றே, உங்கிட்ட எவன் பேசுவான்? அதான் நானே மெஷின் திருப்புளியால கழட்டி, ஓலைய வெச்சி நூலைச் சுத்தி முறுக்கி உட்டேன். ஓலை இருந்தா உழாதுன்னு நெனச்சேன். நல்லாத்தான்டா நின்னுது." பிறகு கொஞ்சம் தணிந்து, "நான் வெச்சதாலதான் உழுந்துச்சா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். உறுதியாகத் தெரியுமா என்று அவள் கேட்கவில்லை.

மெஷினோடு வந்த திருப்புளி, தட்டையானது, சுண்டுவிரல் நீளம், மறந்தே போனேன். திரும்பி வந்து வேட்டியின்மேல் உட்கார்ந்து தீக்குச்சிகளைப் பிளேடால் சீவுகிறேன், கை அதன்பாட்டுக்கு வேலை செய்கிறது, மருந்தை நறுக்கு, நுனியைக் கூராக்கு, பசையில் தோய், உள்ளே தள்ளு, இன்னொன்று, இன்னும் ஒன்று, இனி நுழையாது என்கிறபோது மிச்சத்தை ஒடித்து எடு, ஆனால் மண்டைக்குள் இன்னும் அவன்தான்… சரி, அவன் கழட்டவில்லை, ஆனால் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனவன் ஞாயிறு காலையில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, சரி பண்ணிட்டீங்களாண்ணா என்று, கேட்கவில்லையே, ஏன் கேட்கவில்லை? கேட்டானோ? பூசைக்கு முன்னால் பக்கத்தில் வந்து, "பெல்ட்டு ஓகேவாண்ணா?" என்று ஏதோ சொன்னான், நான் "எல்லாம் எனக்குத் தெரியும், உன் வேலையப் பாரு" என்றேன்… சொன்னேனா? சொன்னேன். கிளாரா குமிழை எடுத்துக் கொடுத்தபோது அவனைப் பார்த்ததுகூட அதற்குத்தான், நீ சொல்லலையா என்று கேட்கிற பார்வை அது. குமிழ் ஆடுவது என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, கிளாரா அவனிடம் சொல்லியிருக்கிறாள், அவன் அம்மாவிடம், அம்மா ஓலையிடம், ஒருவரும் என்னிடம் வரவில்லை, மரத்தைச் சுற்றிக்கொண்டு போகிற எறும்பு வரிசை மாதிரி என்னைச் சுற்றிப் போயிருக்கிறார்கள், அதை யாரும் பேசி வைத்துச் செய்யவில்லை என்பதுதான்… பேசி வைத்துச் செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், அப்போது அவர்கள்மேல் சந்தேகப்படலாம். ஸ்குரூவில் குமிழைக் கோத்து வாஷரை வைத்துத் திருகினேன், இந்த முறை ஒவ்வொரு சுற்றுக்கும் மரம் எதிர்த்தது, கடைசிச் சுற்றில் கிறீச்சென்று பிடித்து நின்றது. பசை ராத்திரி முழுக்கக் காய வேண்டும், அதுவரை இழுக்கக் கூடாது. ஓலைத் துண்டுகள் இன்னும் தீப்பெட்டியில் இருக்கின்றன, குப்பையில் போட முடியாது, பிராக்டீசுக்கும் கொண்டு போக முடியாது. சின்னப்பராஜ் அண்ணனிடம் என்ன சொல்வது? எங்கம்மாதான் என்றா? சிரிப்பார்கள், திருவிழா முழுக்கச் சிரிப்பார்கள், ஆஸ்வினுக்கு இன்னொரு ஜோக் கிடைக்கும். ஒன்றும் சொல்லாமல் விட்டால்? நான்தான் பெயர் சொல்லவில்லையே, பெயர் சொல்லாதவரைக்கும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே…

ஃபோன் அடித்தது, சின்னப்பராஜ் அண்ணன். "அருணு, நீ வந்து சொல்ல வேணாம்டா, எனக்கே தெரிஞ்சு போச்சு. நகவெட்டின்னு சொன்னியே, அது யாரு கையில இருக்கும்னு எனக்குத் தெரியாதா? அப்பவே ஃபோன் போட்டு, திருவிழா முடியிற வரைக்கும் நீ கோயர் பக்கம் வராதடா தம்பின்னு சொல்லிட்டேன். நீ நிம்மதியா வந்து வாசி." பெயர் சொல்லவில்லை என்றேனே, பெயரைத் தவிர எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறேன், ஆனால் அதுவும் அப்புறம்தான் தோன்றியது, முதலில் வந்தது அது இல்லை, முதலில், ஒரு மூச்சு நேரம், தோளில் பாரமே இல்லை, அன்றைக்குக் குமிழ் கழன்றபோது இருந்ததே, அதே லேசு. நாளைக்கு நான்தான். "அவன் இன்னாண்ணே சொன்னான்?" என்று கேட்டேன், குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "இன்னா சொல்வான்? ஏன்னுகூடக் கேக்கல. குமிழு ஒழுங்கா நிக்குதாண்ணான்னு மட்டும் கேட்டுட்டு வெச்சிட்டான். நெஞ்சழுத்தத்தப் பாரேன்." நானாக இருந்தால் ஏன் என்று நூறு முறை கேட்டிருப்பேன். முன்னறையில் மெஷின் நின்றிருந்தது, எப்போது நின்றது? அம்மா நூல் மாற்றுகிறாளா, கேட்டுக்கொண்டிருக்கிறாளா? "அண்ணே…" என்றேன், "சொல்லுடா" என்றார், "இன்னாடா, குமிழ மாட்டிட்டியா?" என் கட்டைவிரல் எப்போது போனதோ குமிழின்மேல் இருந்தது, அழுத்திப் பார்த்தால் ஆடுகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும், அழுத்தவில்லை. "மாட்டிட்டேண்ணே," என்றேன், "இன்னும் காயல."